பல் வலியும் பிறர் அன்பும்



"ஆலும் வேலும் பல்லுக்குறுதி, நாலும் இரண்டும் சொல்லுக்குறுதி" என்றனர் நம் முன்னோர். இவற்றுள் சொல்லுக்குரியதை நாம் மறக்கவில்லை. பேச்சுப் போட்டி வைக்கிறோம், கட்டுரை எழுதுகிறோம், பரிசும் பெறுகிறோம். பல்லையோ, அது வலிக்கும் நாள் வரை நாம் நினைப்பதே இல்லை. வலி வந்த பின் நினைத்து என்ன பயன்?

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி அரையாண்டுத் தேர்வின்போது கன்னம் வீங்கி வந்தாள். கிராம்பு வைத்தாயிற்று; உப்பு நீரில் கொப்பளித்தாயிற்று; மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையும் விழுங்கியாயிற்று. கணக்குத் தேர்வன்று அவள் வரவில்லை. அவளுடைய தாய் பட்டாசு ஆலைக்கு வேலைக்குச் செல்பவர். ஒரு நாள் வீட்டில் நின்றால் ஒரு நாள் கூலி போய்விடும். எனவே பாட்டிதான் பேத்தியை அழைத்துக்கொண்டு காரியாபட்டியிலிருந்து பஸ் ஏறினார்.

பரிசோதித்த பல் மருத்துவர், "இது ஆறு வயதில் முளைத்த கடைவாய்ப் பல்" என்றாராம். வீட்டில் எல்லோரும் அதைப் பால் பல் என்றே எண்ணியிருந்தனர். பால் பற்கள் இருபதும் விழுந்து முளைப்பவை. அவற்றிற்குப் பின்னால் ஆறு வயதில் சத்தமில்லாமல் முளைக்கும் இந்தப் பல்லோ நிலையானது. போனால் திரும்ப முளைக்காது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்திருந்தால் சொத்தையை அடைத்துப் பல்லைக் காப்பாற்றியிருக்கலாம். இப்போது பிடுங்க வேண்டியதாயிற்று.

அதோடு முடிந்திருந்தால் இக்கட்டுரை எழுதியிருக்க மாட்டோம். பல்லை எடுத்த பின் அம்மருத்துவர் பாட்டியின் பக்கம் திரும்பி, "நீங்களும் ஒரு தடவை வாயைத் திறங்க பாட்டி" என்றார். நாற்பது ஆண்டுகள் வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் அடக்கிய கன்னத்தின் உட்புறத்தில் ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது. வலி இல்லாததால் பாட்டி எவரிடமும் சொல்லவில்லை. அப்படியே விட்டால் புற்றாக மாறக்கூடும் என்று பொறுமையாக எடுத்துச் சொல்லி, அரசு மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். பாட்டியைப் பார்த்ததற்குக் கட்டணமும் வாங்கவில்லை. பாட்டி இன்று நலமாக இருக்கிறார். அவருடைய சுருக்குப் பையில் இப்போது புகையிலை இல்லை.

பல்லைப் பிடுங்கத் தெரிந்தவர் பலர் இருக்கலாம். பேத்தியோடு வந்த பாட்டியையும் பார்க்கத் தெரிந்தவரே ஊருக்கு வேண்டிய மருத்துவர் என்பது எங்கள் கருத்து.

நம் நாட்டில் இந்தத் துறைக்கு வித்திட்டவரும் அத்தகையவரே. டாக்டர் ரஃபியுதீன் அகமது 1890ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் வங்கத்தில் பிறந்தார். அமெரிக்கா சென்று, 1915இல் அயோவா பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவப் பட்டம் பெற்றார். பாஸ்டன் நகரில் குழந்தைகளுக்கான பல் மருத்துவமனையில் பணி செய்தார். அங்கேயே தங்கிச் செல்வம் சேர்த்திருக்கலாம். ஆனால் தாயகம் திரும்பி, 1920இல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். அதற்குப் பணம்? 'நியூயார்க் சோடா ஃபவுண்டன்' என்னும் குளிர்பானக் கடையை நடத்தி, அந்த வருமானத்தில் கல்லூரியை வளர்த்தார். சோடா விற்ற காசில் பல் கல்லூரி என்றால் நமக்குச் சிரிப்பு வருகிறது அல்லவா? சிரிப்புக்குப் பின்னால் எத்தனை உழைப்பு! 1949இல் அக்கல்லூரியை அப்படியே அரசுக்குக் கொடுத்துவிட்டார். 1964இல் பத்மபூஷண் விருது பெற்று, அடுத்த ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் மறைந்தார்.

அந்த நாளைக் கவனித்தீர்களா? பிப்ரவரி 9 நம் திருச்சபையில் புனித அப்போலோனியாவின் திருநாள். கி.பி. 249ஆம் ஆண்டளவில் அலெக்சாந்திரியாவில் கிறிஸ்துவை மறுதலிக்க மறுத்ததற்காகப் பற்கள் உடைக்கப்பட்டு உயிர் துறந்தவர் அவர். பல் நோயுற்றோரும் பல் மருத்துவரும் அவரைத் தம் பாதுகாவலியாகப் போற்றுகின்றனர். டாக்டர் அகமது இஸ்லாமியர். ஆனால் "எனக்கு அயலான் யார்?" என்ற கேள்விக்கு நம் ஆண்டவர் எடுத்துக்காட்டியவரும் வேற்று இனத்துச் சமாரியரே அன்றோ? காயத்தைக் கண்டு விலகிப் போகாதவரே அயலான். அவர் எந்த ஆலயத்திற்குச் செல்கிறார் என்று அடிபட்டவன் கேட்கவில்லை.

"எல்லாம் சரி, பெண் பிள்ளைக்கு ஐந்து வருடப் படிப்பு எதற்கு? நாளைக்குக் குடும்பத்தை யார் பார்ப்பது?" என்று சில பெற்றோர் கேட்கிறீர்கள். உங்கள் கவலையை நாங்கள் குறை கூறவில்லை. பதிலாக ஒரு தாயையே காட்டுகிறோம். இத்தாலியில் மெசரோ என்னும் சிற்றூரில் 1950இல் மருத்துவ நிலையம் திறந்தவர் ஜான்னா பெரெட்டா மோல்லா. 1955இல் மணந்தார், குழந்தைகளைப் பெற்றார், ஏழைகளுக்கு வைத்தியமும் பார்த்தார். நான்காம் குழந்தையைச் சுமந்தபோது நோயுற்று, தம் உயிரைவிடக் குழந்தையின் உயிரே பெரிதென்று கூறி, 1962இல் மறைந்தார். 2004ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரைப் புனிதராக உயர்த்தியபோது, கணவரும் அந்தக் குழந்தையும் முன்னிருந்தனர். அக்குழந்தையும் ஒரு மருத்துவரே! விசுவாசம், குடும்பம், தொழில் ஆகிய மூன்றும் ஒரே இல்லத்தில் குடியிருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

உலகில் ஏறத்தாழ 350 கோடிப் பேர் வாய், பல் நோய்களால் துன்புறுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் அறிவித்தது. புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோயை வரவழைக்கும் என்று அந்நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004இலேயே கூறிவிட்டது. தமிழக அரசு 2013இல் குட்காவைத் தடை செய்தது. சட்டம் கடையைத்தான் மூடும். நம் வீட்டுத் திண்ணையில் உள்ள வெற்றிலைப் பெட்டியை நாம்தான் மூட வேண்டும்.

ஆகவே தோழியரே, இன்றிரவு உறங்கப் போகுமுன் பல் துலக்குங்கள். ஆறு வயதுத் தம்பி தங்கையின் கடைவாயைப் பாருங்கள். தாத்தா பாட்டியின் வாயில் இரண்டு வாரத்திற்கு மேல் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால், வலி இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பெற்றோரே, படிக்க விரும்பும் மகளைத் தடுக்காதீர்கள். படித்து முடித்தவள் பட்டணத்திலேயே தங்கிவிடாமல் ஊர் திரும்பவும் அவளைப் பழக்குங்கள்.

இந்த மலரைப் படிக்கும் சிறுமிகளுள் ஒருத்தி ஒரு நாள் காரியாபட்டிக் கடைத்தெருவில் தன் பெயர்ப் பலகையை மாட்டுவாள் என்று நம்புகிறோம். அன்று அவளிடம் நாங்கள் கேட்கப்போவது ஒன்றே: பேத்தியோடு வரும் பாட்டியையும் மறவாமல் பார்!