"நாங்க வீட்டுலயே சொல்லிக் கொடுக்கறோம்" - யாருங்க அந்த நாங்க?

இந்தப் பொங்கலுக்கு நாக்பூரில் இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சப் பேர் ஒரு மண்டபத்தில் கூடினோம். கோலப்போட்டி, திருக்குறள் ஒப்பித்தல் எல்லாம் முடிந்து, சாப்பாடு வர அரை மணி நேரம் இருந்தது. "உங்க பசங்க ஸ்கூலுக்கே போறதில்லையாமே சார், அதைப் பத்தி ஒரு பத்து நிமிஷம் பேசுங்களேன்" என்று கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். மைக் கிடைத்தால் விடுகிற ஆளா நான்? இருபது நிமிஷம் பேசினேன். "நாங்க சொல்லிக் கொடுக்கறோம், நாங்க டைம்டேபிள் போடறோம், நாங்க பரீட்சை வைக்கறோம்" என்று ஒரே நாங்க மயம். நல்ல கைதட்டல். நாலு பேர் நம்பர் வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் தங்கமணி ஒன்றுமே பேசவில்லை. வண்டியை நிறுத்தும்போது மட்டும் கேட்டாள்: "ஏங்க, நாங்க நாங்கன்னு சொன்னீங்களே, யாருங்க அந்த நாங்க?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் இந்தப் பதிவு. அன்றைக்குக் கைதட்டியவர்களும் நம்பர் வாங்கியவர்களும் தயவுசெய்து இதைப் படியுங்கள். மேடையில் சொன்னதில் பாதிதான் உண்மை.

கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன். மாற்றல் உத்தியோகம். 2021 ஜூனில் ஹைதராபாத்திலிருந்து நாக்பூர். பெரியவன் ஹைதராபாத்தில் தட்டுத் தடுமாறித் தெலுங்கு எழுதக் கற்றிருந்தான். இங்கே வந்தால் மராத்தி. மகாராஷ்டிராவில் 2020-ல் எல்லாப் பள்ளிகளிலும் மராத்தியைக் கட்டாயமாக்கிச் சட்டம் வந்து, ஒன்றாம் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் தொடங்கினார்கள். எங்கள் வீட்டில் ஒன்றாம் வகுப்பில் ஒன்று, ஆறாம் வகுப்பில் ஒன்று! இதில் யாரையும் குறை சொல்ல மாட்டேன். நம் ஊரில் 2006-லேயே தமிழுக்கு இப்படிச் சட்டம் போட்டோம். தெலுங்கானாவில் 2018-ல் போட்டார்கள். எந்த மாநிலமும் தன் மொழியைக் கேட்பது நியாயம்தான். ஆனால் மூன்று வருஷத்துக்கு ஒரு மாநிலம் மாறுகிற குழந்தை எந்த மொழியிலும் கால் ஊன்றுவதில்லை. பதினோரு வயதுப் பையனுக்கு 'அம்மா' என்று தமிழில் எழுதத் தெரியவில்லை. மராத்தி வகுப்பில் வாயே திறப்பதில்லை. ராத்திரி படுக்கும்போது வயிற்று வலி என்பான்.

2022 மார்ச்சில் நான்தான் ஆரம்பித்தேன். வீட்டிலேயே படிக்கட்டும் என்றேன். தங்கமணி அப்போது ஹைதராபாத் கம்பெனியிலேயே வீட்டிலிருந்தபடி சாப்ட்வேர் டெஸ்டிங் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டேன். "பார்க்கலாங்க" என்றாள். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அந்த மாதமே வேலையை விட்டாள்.

இப்போது சட்ட விஷயத்துக்கு வருவோம். பொங்கல் அன்று எல்லாரும் முதலில் கேட்டது இதைத்தான். 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வரை. அதன் 10-ஆம் பிரிவு, பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு இந்தச் சட்டத்தில் தண்டனை எதுவும் சொல்லப்படவில்லை. வீட்டுக் கல்விக்கு வெளிப்படையான அனுமதியும் அதில் கிடையாது. அந்த இடைவெளியில்தான் எங்களைப் போன்றவர்கள் நிற்கிறோம். 14 முடிந்ததும் என்.ஐ.ஓ.எஸ். என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். மத்திய அரசு 1989-ல் தொடங்கியது. தமிழும் ஒரு பாடமாக எடுக்கலாம். வருஷத்துக்கு இரண்டு முறை பரீட்சை. பெரியவன் இந்த ஏப்ரலில் எழுதுகிறான்.

இதையெல்லாம் மேடையில் சரியாகத்தான் சொன்னேன். அதற்கடுத்து "செலவே கிடையாது" என்று சொன்னேன் பாருங்கள், அது பொய். என்.சி.இ.ஆர்.டி. புத்தகம் இணையத்தில் இலவசம், தமிழ்நாட்டுப் பாடநூல் இலவசம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தில் மழலைப் பாடமும் இலவசம். எல்லாம் உண்மை. ஆனால் நான் பி.காம். படித்தவன், இருபது வருஷமாகப் பேங்கில் கணக்குப் பார்க்கிறவன். வரவுப் பக்கம் மட்டும் எழுதிவிட்டுப் பற்றுப் பக்கத்தைக் காலியாக விட்டால் என் கிளையில் ஆடிட்டர் சும்மா விடுவாரா?

அதனால் பொங்கல் முடிந்த வாரம் ஒரு நோட்டுப் போட்டேன். திங்கள் முதல் ஞாயிறு வரை வீட்டில் யார் எதற்கு எத்தனை மணி நேரம் செலவழிக்கிறார்கள் என்று. நாலாவது சனிக்கிழமை வந்த வாரம், பேங்க் லீவு. அதாவது எனக்குச் சாதகமான வாரம்.

தங்கமணி கணக்கு: பாடம் சொல்லிக் கொடுத்தது 23 மணி. பாடம் தயாரித்தது, திருத்தியது 8. சமையல், அடுப்படி 24. துணி, வீடு துடைப்பது 9. அம்மாவுக்கு மருந்து, முட்டி வலிக்குப் பிசியோதெரபி 6. காய்கறி, கேஸ், கரண்ட் பில் 4. மொத்தம் 74.

என் கணக்கு: பேங்க், போக வர எல்லாம் சேர்த்து 55. பாடம் ஒன்றரை. கடை 2. அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போனது ஒன்றரை. டீ போட்டது, பில்டர் தண்ணீர் பிடித்தது எல்லாம் சேர்த்து அரை. மொத்தம் 60.5.

பதின்மூன்றரை மணி நேரம் வித்தியாசம். அதுவும் நான் பார்ப்பதற்குச் சம்பளம் உண்டு, பன்னிரண்டு நாள் சி.எல். உண்டு, ஞாயிறு உண்டு. அவளுக்கு ஞாயிறு என்பது எல்லாரும் வீட்டில் இருப்பதால் இன்னும் நாலு தோசை அதிகம்.

அந்த ஒன்றரை மணி நேரப் பாடம் என்ன என்று கேளுங்கள். பெரியவன் ஐந்து பாடங்களில் ஒன்றாகக் கணக்குப்பதிவியல் எடுத்திருக்கிறான். நான்தான் எடுக்கச் சொன்னேன். "இது அப்பா டிபார்ட்மென்ட்" என்று சொல்லி வாங்கிக்கொண்ட ஒரே பாடம். அதற்கு அனுப்ப வேண்டிய அசைன்மென்ட்டுக்கு, ஒவ்வொரு பாடத்திலும் 20 சதவீத மதிப்பெண். கெடு நெருங்கியபோது நான் இன்ஸ்பெக்ஷனில் மாட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ராத்திரி பதினொன்றரைக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தால், அடுப்படி மேடையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு தங்கமணி டெபிட் எது கிரெடிட் எது என்று தானே படித்துக்கொண்டிருந்தாள், மறுநாள் அவனுக்குச் சொல்லிக் கொடுப்பதற்கு. பேங்க் ஆபீசர் வீட்டில்! என்னை எழுப்பவில்லையா என்றேன். "நீங்க அசந்து தூங்கினீங்க" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தாலாவது பரவாயில்லை.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019-லும் 2024-லும் நடந்தது. வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் ஒரு நாளைக்குச் செலவழித்தது 2019-ல் சராசரி 299 நிமிஷம், ஆண்கள் 97. 2024-ல் பெண்கள் 289, ஆண்கள் 88. அதுவும் 'செய்கிற' ஆண்களை மட்டும் எடுத்தால்தான் 88. இந்தக் கணக்கின் மேல் ஒரு பள்ளிக்கூடத்தையும் தூக்கி வைத்தால் அது யார் தலையில் இறங்கும் என்று சொல்லவே வேண்டாம்.

கல்வி உரிமைச் சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அட்டவணையில் ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேரம் என்று போட்டிருக்கிறது, பாடம் தயாரிக்கிற நேரமும் அதில் சேர்த்தி. 27-ஆம் பிரிவு இன்னும் அழகு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக்கூடாது என்கிறது. பள்ளிக்கூட வாத்தியாருக்கு நாட்டின் சட்டமே காவல். எங்கள் வீட்டு வாத்தியாரைப் பின்னத்துக்கு நடுவில் குக்கர் விசில் எண்ண அனுப்புகிறோம், அல்ஜீப்ரா நடுவில் பாட்டிக்கு வெந்நீர் வைக்க அனுப்புகிறோம்.

இதற்கு வழக்கமாக வருகிற பதில்களும் எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் நானே சொன்னவன்தானே.

"அவளுக்குப் பிடிச்சுத்தான் செய்யறா." இருக்கலாம். பிடித்துச் செய்கிற வேலைக்கு ஓய்வு வேண்டாம் என்று எந்த ஊரில் எழுதியிருக்கிறது? எனக்கும் பேங்க் வேலை பிடிக்கும். சம்பளமில்லாமல் செய்யச் சொல்லிப் பாருங்கள்.

"சம்பாதிச்சுப் போடறது நான்தானே." சரி, கணக்கு. அவள் வேலையை விடும்போது கையில் வாங்கியது மாதம் 38,000. 2022 ஏப்ரல் முதல் 2025 டிசம்பர் வரை 45 மாதம். 17,10,000 ரூபாய். இன்கிரிமென்ட் இல்லாமல், பி.எஃப். சேர்க்காமல், வட்டி போடாமல். எங்கள் வீட்டுப் பள்ளிக்கூடத்தின் பீஸ் அது. கட்டியது அவள். ரசீது கொடுக்காதது நான்.

"ஸ்கூலுக்கு அனுப்பினாலும் ஹோம்வொர்க் அம்மாதானே பார்க்கணும்." உண்மை. ஆனால் பள்ளிக்கூடம் பகலில் ஆறு மணி நேரம் பிள்ளைகளை வைத்துக்கொள்ளும். அந்த ஆறு மணி நேரத்தில்தான் அவளுடைய வேலை இருந்தது.

"தாகூர் பள்ளிக்கூடத்துல உக்காந்தா படிச்சாரு?" இது படித்தவர்கள் சொல்வது. சார், தாகூர் வீடு ஜமீன்தார் வீடு. வாத்தியார்கள் வீடு தேடி வந்தார்கள், வேலையாட்கள் ஒரு கூட்டமே இருந்தது. பாத்திரம் தேய்த்துக்கொண்டே யாரும் அவருக்குப் பாடம் எடுக்கவில்லை. நமக்கு வேலைக்கு வருகிற அக்கா மாதத்தில் ஐந்து நாள் லீவு.

பள்ளிக்கூடமே சிறை, வீடே சொர்க்கம் என்று பேசுகிற அப்பாக்களைக் கேட்கிறேன். அந்தச் சொர்க்கத்தில் பகல் பதினொரு மணிக்கு நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? ஏசி ரூமில். நானும்தான்.

இதைப் படித்துவிட்டு, "அதானே, ஸ்கூலுக்கு அனுப்பாம என்ன படிப்பு, அப்பவே சொன்னோம்ல" என்று கிளம்பும் உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை. அவசரப்பட வேண்டாம். பெரியவனுக்கு வயிற்று வலி போய் நாலு வருஷமாகிறது. இரண்டு பேரும் தமிழ் படிக்கிறார்கள். சின்னவள் தினமும் பாட்டிக்குத் தினசரி வாசித்துக் காட்டுகிறாள், மரண அறிவிப்பு உட்பட :-) அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு விளையாடியே பெரியவன் மராத்தி சரளமாகப் பேசுகிறான், வகுப்பில் வராத மராத்தி. வீட்டுக் கல்வி தோற்கவில்லை. ஜெயித்திருக்கிறது. ஜெயித்தது யார் என்பதில்தான் நான் மேடையில் பொய் சொன்னேன்.

ஆகவே, நம்பர் வாங்கிக்கொண்டு போன நாலு பேருக்கும் நான் சொல்வது இதுதான். ஆரம்பிப்பதற்கு முன் மூன்று வேலை செய்யுங்கள்.

ஒன்று, ஒரு வாரம் நோட்டுப் போடுங்கள். உங்கள் பெயருக்கு நேரே வாரம் பத்து மணி நேரமாவது வரவில்லை என்றால் ஆரம்பிக்காதீர்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்புங்கள். பாவமில்லை.

இரண்டு, அவர் வேலையை விடுகிறார் என்றால் அவர் பெயரில் மாதா மாதம் பணம் போடுங்கள். பி.பி.எஃப். கணக்கில் வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் வரை போடலாம். தானமாக நினைக்காதீர்கள், அது பீஸ்.

மூன்று, "பார்க்கலாங்க" என்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். திரும்பக் கேளுங்கள்.

என் கதை? காலை ஆறிலிருந்து ஏழேகால் வரை கணக்குப்பதிவியல் என்னுடையது. இரண்டாவது, நாலாவது சனிக்கிழமை பாடமும் சமையலும் என் பொறுப்பு. முதல் சனிக்கிழமை சாம்பார் அடி பிடித்தது, சின்னவள் ஆங்கிலப் பாடத்தில் ஒரு பக்கம் கூட நகரவில்லை. தங்கமணி கதவைச் சாத்திக்கொண்டு பழைய கம்பெனித் தோழியிடம் ஒரு மணி நேரம் போனில் பேசினாள். வேலை விஷயம் என்று பிறகு தெரிந்தது.

இன்னொன்றும் நடந்தது. சின்னவள் ஆறாம் வகுப்புக்குப் பள்ளிக்கூடம் போகிறேன் என்கிறாள், பக்கத்து வீட்டுப் பெண்ணோடு. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சட்டத்தின் 4-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. இங்கே கோடை முடிந்து ஜூன் கடைசியில்தான் பள்ளி திறக்கும், நேரம் இருக்கிறது. கேட்டதும் எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? "மேடையில பேசிட்டோமே, நாலு பேர் என்ன நினைப்பாங்க." வெட்கமாக இருந்தது. போகட்டும், சேர்க்கிறோம். இந்த 'றோம்' இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தது.

டிஸ்கி: தங்கமணியிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் போடுகிறேன். முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "மார்ச் முப்பத்தொண்ணு க்ளோசிங் வருதில்ல, அவனுக்கு ஏப்ரல்ல பரீட்சை. அது வரைக்கும் காலைல ஆறு மணிக்கு எழுந்திரிக்கறீங்களான்னு பார்த்துட்டு, அப்புறம் போட்டிருக்கலாம்."