இடியும் மணியும்

இடி இடித்தால் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று கூவும் வழக்கம் நம்மவர்களிடத்தில் உண்டு. அதனால் நன்மை ஏதுமில்லை என்றாலும், தொண்டை வறளுவதைத் தவிரப் பெரிய நஷ்டமும் இல்லை. ஆனால் அய்ரோப்பாவில் இதே காரியத்தை மாதா கோவில் கோபுரத்துக்குள் நின்றுகொண்டு பல நூறு வருஷம் செய்து வந்திருக்கிறார்கள். அதனால் செத்தவர்களின் கணக்கு அச்சாகியே இருக்கிறது. அந்தக் கதையை நமது வாசகர்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

புயலும் இடியும் ஆகாயத்தில் திரியும் பிசாசுகளின் வேலை என்பது அக்காலத்துப் பாதிரிமார்களின் போதனை. பிசாசை விரட்டுவதற்கு மந்திரித்த மணி வேண்டுமல்லவா? ஆகவே மணியை வார்த்தவுடன் அதற்குத் தீர்த்தம் தெளித்து, எண்ணெய் பூசி, பெயர் சூட்டி, குழந்தைக்கு வைப்பதுபோல் ஞானப் பெற்றோரையும் வைத்தார்கள். சுவிட்சர்லாந்தில் சாப்ஹவுசன் என்னும் நகரத்தில் 1486-ம் வருஷம் வார்த்த மணி ஒன்று இருக்கிறது. உயிரோடிருப்பவர்களை அழைப்பதும், செத்தவர்களுக்காக அழுவதும், மின்னலை முறிப்பதும் தன் உத்தியோகம் என்று அதன்மேல் லத்தீனில் பொறித்திருக்கிறார்கள்.

முறிந்தது மின்னலா, மனிதனா என்று பார்ப்போம். ஊரிலேயே உயரமான கட்டடம் கோவில் கோபுரம். அதன் உச்சியில் சிலுவை. அதற்குக் கீழே மணியாகத் தொங்கும் வெண்கலம். மணியிலிருந்து இறங்குவது சாரலில் நனைந்த கயிறு. அந்தக் கயிற்றின் நுனியைப் பிடித்து இழுப்பவனோ கூலிக்கு வேலை செய்யும் ஏழைக் கோவில்பிள்ளை. மின்னல் பூமிக்கு இறங்க இதைவிடச் சௌகரியமான ஏணி வேறு என்ன வேண்டும்? 1718-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் பிரஞ்சு தேசத்துப் பிரிட்டனிப் பக்கம் ஒரே இரவில் 24 கோவில்களில் இடி விழுந்தது. அவையெல்லாம் மணி அடித்துக்கொண்டிருந்த கோவில்கள் என்றும், மணி அடிக்காமல் சும்மா இருந்த கோவில்கள் தப்பின என்றும் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்திற்கு அறிக்கை போயிற்று. (மணியோசை இடியை இழுக்கும் என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது இன்னொரு மூடநம்பிக்கையாகிவிடும். மணி அடித்தாலும் அடிக்காவிட்டாலும் உயரமான கோபுரத்தில் இடி விழும்; அடிக்கிற இடத்தில் சாவதற்கு ஓர் ஆள் நிற்கிறான், அவ்வளவுதான்.) 1784-ல் மியூனிக் நகரில் வெளியான ஒரு புத்தகம் 33 வருஷத்துக் கணக்கைத் தருகிறது. இடி விழுந்த கோபுரங்கள் 386. கயிறும் கையுமாகச் செத்த மணிக்காரர்கள் 103. இந்த 103 பேரில் ஒரு பிஷப்பாவது இருந்திருப்பாரா என்று கேட்கிறோம்.

நிற்க, இந்த மின்னலுக்கு மருந்து கண்டவர் பிலடெல்பியா நகரத்து அச்சுக்காரரான பெஞ்சமின் பிராங்க்லின். மின்னலும் மின்சாரமும் ஒன்றே என்று காட்ட உயரமான இரும்புக் கம்பி நட்டுப் பார்க்கலாமென்று அவர் 1750-ல் யோசனை சொன்னார். 1752-ல் பாரிசுக்கருகே மார்லி என்னும் கிராமத்தில் 40 அடிக் கம்பி ஒன்றை நட்டார்கள். மே 10-ந் தேதி இடிமேகம் வந்தபோது கம்பிக்குக் காவலிருந்தவன் ஒரு பழைய குதிரைப்படைச் சிப்பாய். அவன் கம்பியிலிருந்து மின்பொறி எடுத்துவிட்டு ஊர்ப் பாதிரியாருக்கு ஆள் அனுப்ப, அவரும் ஆலங்கட்டி மழையில் ஓடி வந்து தம் கையாலேயே பொறி எடுத்துப் பார்த்தார்! பாதிரியாரானாலும் கண்ணால் கண்டதை மறைக்காமல் எழுதியும் கொடுத்தார் என்பதற்காக அவரைப் பாராட்டுகிறோம். அடுத்த வருஷமே பிராங்க்லின் தாம் வெளியிட்ட பஞ்சாங்கத்தில் வீட்டுக்கு இடிதாங்கி வைக்கும் முறையை அச்சடித்து, காப்புரிமை எதுவும் கேட்காமல் உலகத்துக்குக் கொடுத்துவிட்டார். பஞ்சாங்கத்தில் ராகுகாலமும் எமகண்டமும் மட்டும் பார்த்துப் பழகிய நமக்கு இது ஆச்சரியமாகத்தான் இருக்கும்.

எதிர்ப்பு வராமலா இருக்கும்? 1755-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரம் பூகம்பத்தில் ஆடியது. ஊரெல்லாம் நட்ட கம்பிகள் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கியதுதான் காரணமாயிருக்கலாம் என்று தாமஸ் பிரின்ஸ் என்ற பாதிரியார் எழுதினார். மொராவியாவில் புரோகோப் திவிஷ் என்னும் வேறொரு பாதிரியார் 1754-ல் தாமாகவே ஒரு மின்னல் யந்திரம் நட்டார். சில வருஷங்களில் மழை பொய்த்தது. யந்திரத்தின்மேல் பழி போட்டுக் கிராமத்தார் அதைப் பிடுங்கி எறிந்தார்கள். 1780-ல் பிரஞ்சு தேசத்தின் சேந்தொமேர் என்னும் ஊரில் விசெரி என்ற வக்கீல் தம் வீட்டுக் கூரையில் இடிதாங்கி வைக்க, அக்கம்பக்கத்தார் பயந்து புகார் செய்தார்கள். ஊரதிகாரிகள் கம்பியைக் கழற்ற உத்தரவு போட்டார்கள். வழக்கு மேல்கோர்ட்டுக்குப் போயிற்று. 1783-ல் அதை வாதாடி ஜெயித்தவர் அப்போது 25 வயதான ரோபெஸ்பியர்! பிற்காலத்தில் பிரஞ்சுப் புரட்சியை நடத்திய அதே ரோபெஸ்பியர்தான். தம் வாதத்தை அச்சடித்துப் பிராங்க்லினுக்கே ஒரு பிரதி அனுப்பினார். இவ்வளவு பகுத்தறிவு பேசியவரும் 1794-ல் பரம்பொருளுக்கு அரசாங்கத் திருவிழா எடுத்தார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நம் கோவில் கோபுரத்துக் கலசந்தான் ஆதி இடிதாங்கி என்றும், அதற்குள் போடும் வரகு மின்னலைத் தடுக்கும் என்றும், முன்னோர்கள் பிராங்க்லினுக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள் என்றும் இப்பொழுது கைபேசிக்குக் கைபேசி ஒரு பிரசாரம் நடக்கிறது. படித்த உத்தியோகஸ்தர்களும் பள்ளிக்கூட உபாத்தியாயர்களுங்கூட அதைப் பிறருக்கு அனுப்பி வைக்கிறார்கள். இடிதாங்கி என்பது உச்சியிலுள்ள முனை மாத்திரமல்ல. முனையிலிருந்து ஈர மண் வரையில் இடையறாமல் இறங்கும் உலோகப் பட்டைதான் அதன் உயிர். அந்த வழி இல்லாமல் செங்கல்லும் சுதையுமான கோபுரத்தின் உச்சியில் செம்பை மட்டும் நிறுத்தினால், மின்னல் அக்கட்டடத்தைப் பிளந்துகொண்டுதான் இறங்கும். மாதா கோவில் மணி செய்ததும் அதுதான். வரகோ, சோறாக்கித் தின்றால் பசியைத் தடுக்கும்.

சந்தேகமுள்ளவர்கள் பெரிய கோவில் ஒன்றுக்குப் போய் அண்ணாந்து பார்க்கட்டும். பல கோபுரங்களில் கலசங்களுக்குப் பக்கத்திலேயே தனியாக ஒரு கம்பி நிற்கும். அதிலிருந்து ஒரு தாமிரப் பட்டை சுவரோரமாக இறங்கி மண்ணுக்குள் போகும். அது பிராங்க்லினுடைய கம்பி.