அல்வா ராஜஸ்தான், பாட்டு இலங்கை, சினிமா கேரளா... நெல்லை ரசிக்கும் ‘வெளியூர்’ ருசி. ஆனால் சமைத்த கை?

திருநெல்வேலி என்றதும் யோசிக்காமல் வாயில் வருகிற அடுத்த வார்த்தை அல்வா. அந்த வார்த்தையே தமிழ் கிடையாது, அரபி. அதற்கு வேண்டிய கோதுமை தாமிரபரணிக் கரையில் விளைவதில்லை. அங்கே விளைவது நெல்லும் வாழையும். ஊரின் மிகப் பிரபலமான அல்வாக் கடையை வழிவழியாக நடத்தியவர்களின் பெயர்களோ கிருஷ்ணா சிங், பிஜிலி சிங், ஹரி சிங்.

மலையாளப் படத்தை சப்டைட்டிலோடு பார்ப்பது, கொரியன் சீரியலைத் தமிழ் டப்பிங்கில் விடிய விடியப் பார்ப்பது, யூடியூப் பார்த்து வீட்டிலேயே அரபு நாட்டு மந்தி சமைப்பது... இதெல்லாம் ஏதோ ஓடிடி வந்த பிறகு தொடங்கிய பழக்கம் மாதிரி ஒரு பேச்சு இருக்கு. இன்னொரு பக்கம், ‘வெளியாட்கள் வந்து நம்ம ஊரையே மாத்திட்டாங்க’ என்ற குரலும் வாட்ஸ்அப் குரூப்புகளில் சத்தமாகவே கேட்கிறது. இந்த ரெண்டு பேச்சையும் உரசிப் பார்க்க நெல்லையைவிட நல்ல ஊர் கிடைப்பது கஷ்டம்.

இருட்டுக்கடை அல்வா யாருடையது?

நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, கீழ ரத வீதியில் இருக்கும் சின்னக் கடை அது. பெயர்ப் பலகை கிடையாது. மங்கலான வெளிச்சத்தில் வியாபாரம் நடந்ததால் மக்களே வைத்த பெயர்தான் ‘இருட்டுக்கடை’. மாலையில் கடை திறக்கும் முன்பே வரிசை நிற்கும். சில மணி நேரத்தில் சரக்கு தீர்ந்துவிடும்.

இந்தக் கதை எப்படித் தொடங்கியது என்பதற்கு நெல்லையில் ஒரு செவிவழிச் செய்தி உண்டு. காசிக்கு யாத்திரை போன சொக்கம்பட்டி ஜமீன்தார் அங்கே அல்வாவைச் சாப்பிட்டுச் சொக்கிப்போய், அதைச் செய்யத் தெரிந்த ராஜபுத்திரக் குடும்பத்தைத் தன் ஜமீனுக்கே அழைத்து வந்தாராம். ஜமீன் போனது; அல்வா மட்டும் டவுனுக்கு வந்து சேர்ந்தது. சுமார் 1900-ல் கிருஷ்ணா சிங் தொடங்கியதாகச் சொல்லப்படும் கடை, அவருக்குப் பின் பிஜிலி சிங், ஹரி சிங் என்று கைமாறியது. கொரோனா காலத்தில், 2020 ஜூனில் ஹரி சிங் மறைந்தபோது தமிழ்நாடே தன் வீட்டுப் பெரியவர் போனது மாதிரி வருத்தப்பட்டது. அன்றைக்கு யாரும் அவரை ‘வடநாட்டுக்காரர்’ என்று சொன்னதாக நினைவில்லை.

அல்வா செய்முறையைக் கவனித்தால் இன்னொரு விஷயம் புரியும். சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்து, பிழிந்து பால் எடுத்து, அந்தப் பாலைத் தெளியவிட்டு, மேலே நிற்கும் தண்ணீரை இறுத்த பிறகு சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிண்ட வேண்டும். கை ஓயாத வேலை. கோதுமையும் சர்க்கரையும் எங்கேயும் கிடைக்கும், ஆனால் இந்த ருசி தாமிரபரணித் தண்ணீரால்தான் வருது என்பது நெல்லைக்காரர்கள் விட்டுக்கொடுக்காத வாதம். சாப்பிடும் முறையும் உள்ளூர் முறைதான்: வாழை இலையில் சூடாக அல்வா, அதற்கு மேல் கொஞ்சம் மிக்சர் அல்லது காராச்சேவு.

‘அல்வா கொடுத்துட்டான்’ என்றால் ஏமாத்திட்டான் என்று அர்த்தம் ஆனதும் தமிழ் மண்ணில்தான். 1994-ல் வந்த ‘அமைதிப்படை’யில் சத்யராஜின் அல்வாக் காட்சியைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை.

சொதியில் எத்தனை நாடுகள்?

கடை அல்வா ஊருக்கே தெரியும். நெல்லையின் வீட்டுச் சமையலில் ராஜா யார் என்றால், சொதி.

பாசிப்பருப்பு, மூன்று தடவை பிழிந்த தேங்காய்ப்பால், காய்கறி, இஞ்சி, பச்சை மிளகாய். மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் காயை வேகவைத்து, கடைசியில் முதல் பாலை ஊற்றி, கொதிக்கவிடாமல் இறக்கி, எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். அடுப்பில் இருக்கும்போதே பிழிந்துவிட்டால் திரிந்துபோகும், அவ்வளவு உழைப்பும் வீண். கூடவே இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு சிப்ஸ். சைவப் பிள்ளைமார் வீட்டுக் கல்யாணத்துக்கு மறுநாள், மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளைக்கு இதுதான். அதனால் ‘மாப்பிள்ளைச் சொதி’ என்றே பெயர்.

இதே பெயரில், தேங்காய்ப்பாலில், யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் தினமும் ஒரு குழம்பு வைக்கிறார்கள். அங்கே இடியாப்பத்தோடு அதைக் குழைத்துச் சாப்பிடுவது காலை நேரத்துச் சாதாரண விஷயம். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே கப்பல் போக்குவரத்து அன்றாடமாக இருந்த காலம் ஒன்று உண்டு. 1906-ல் வ.உ.சி. சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதே அந்த வழித்தடத்தில் பிரிட்டிஷ் கம்பெனியோடு மோதத்தான். வியாபாரிகள், கங்காணிகள், தோட்டத் தொழிலாளர்கள் என்று போய் வந்த கூட்டத்தோடு சமையலும் போய் வந்தது. மேற்கே மலையைத் தாண்டினால் கேரளாவில் ‘இஷ்டு’ என்று இன்னொரு தேங்காய்ப்பால் பதார்த்தம். பெயர் ஆங்கிலத்து ‘ஸ்டூ’விலிருந்து வந்தது.

சொதிக்குள் விழும் காய்களையும் பாருங்க. உருளைக்கிழங்கு, பீன்ஸ் இரண்டும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். கேரட்டும் இந்த மண்ணில் பிறந்தது இல்லை. நம்ம பாட்டிகள் இவற்றை ‘இங்கிலீஷ் காய்’ என்று தனியாகப் பிரித்தே வைத்திருந்தார்கள். திதிக்குச் சமைக்கும்போது இன்றும் பல வீடுகளில் அவற்றுக்கு அனுமதி இல்லை. பச்சை மிளகாய்? அதுவும் போர்ச்சுகீசியர் காலத்தில் கடல் தாண்டி வந்ததுதான். இத்தனையும் சேர்ந்த பிறகுதான் அது ‘நெல்லையின் பாரம்பரிய உணவு’.

இது கடற்கரைப் பழக்கமா?

ஒரு வகையில் ஆமாம். தாமிரபரணி கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த காயல் துறைமுகத்தைப் பற்றி 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். ஏடனிலிருந்தும் ஹோர்முஸிலிருந்தும் பாண்டிய மன்னர்களுக்குக் குதிரைகள் வந்து இறங்கிய இடம் அது. அதற்கும் முன்னால் கொற்கை. ஆக, அரபுச் சொல் ஒன்று நெல்லைக்கு வந்து உட்கார்ந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

பாட்டு எப்படி வந்தது?

கர்நாடக சங்கீதக் கச்சேரியில் வயலின் இல்லாமல் இன்று யாராவது நினைத்துப் பார்ப்பார்களா? அது ஐரோப்பிய வாத்தியம். அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவராகச் சொல்லப்படும் பாலுஸ்வாமி தீட்சிதர், பிற்பாடு எட்டயபுரம் சமஸ்தானத்தில் வித்வானாக இருந்தவர். எட்டயபுரம் அன்றைக்குத் திருநெல்வேலிச் சீமை. அவருடைய அண்ணன் முத்துஸ்வாமி தீட்சிதர் 1835-ல் கண்மூடியதும் அங்கேதான்.

எதிர்த்திசையிலும் பயணம் நடந்தது. 1774-ல் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயக சாஸ்திரியார், பைபிள் கதையைத் தமிழ்க் குறவஞ்சி வடிவத்தில் பாடினார், ‘பெத்லகேம் குறவஞ்சி’. மேற்கத்திய மதத்துக்கு உள்ளூர் ராகம்.

கொஞ்சம் கிட்டத்துக் கதைக்கு வந்தால், ரேடியோ. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவைக்குத் தென்மாவட்டங்களில் இருந்த மவுசு இப்போது ஐம்பது, அறுபது வயதைத் தாண்டியவர்களைக் கேட்டால் தெரியும். பி.எச்.அப்துல் ஹமீது, கே.எஸ்.ராஜா என்று அறிவிப்பாளர்களுக்கே ரசிகர்கள் இருந்தார்கள். சிலோன் மனோகர் பாடிய ‘சுராங்கனி’ கடலைத் தாண்டி வந்து நம்ம கல்யாண வீட்டு மைக் செட்டில் பாடியது. சிங்களமும் தமிழும் கலந்த பாட்டு. அதன் பைலா மெட்டுக்கு வேர் போர்ச்சுகீசிய ஆட்டப் பாட்டு. (இலங்கையில் ‘பாப்’ இல்லை, ‘பொப்’.) 1983-க்குப் பிறகு அங்கே நடந்ததெல்லாம் தெரிந்தும், ஒரு சிங்களச் சொல்லை இங்கே யாரும் பாட்டிலிருந்து நீக்கவில்லை.

மலையாளப் படத்துக்கு மட்டும் ஏன் தனி இடம்?

2024 பிப்ரவரி 22-ல் வெளியான ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’, டப்பிங் இல்லாமலே தமிழ்நாட்டில் மட்டும் 50 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்ததாகச் செய்திகள் வந்தன. 1991-ன் ‘குணா’வும் இளையராஜாவும் அதற்குப் பெரிய காரணம். மலையாள இயக்குநர் ஒருவர் நம்ம பாட்டை நம்மைவிட ஆசையாகக் கொண்டாடினார். தியேட்டரில் நாம் அழுதோம். அதற்கு முந்தைய ஆண்டு திரைக்கு வந்த ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ இன்னும் ஒரு படி மேலே: மம்மூட்டி நடித்த மலையாளி ஒருவர் தமிழ்க் கிராமத்தில் இறங்கி, தமிழராகவே மாறிவிடுகிறார்.

நெல்லைப் பக்கம் இது புதுசு இல்லை. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூரோடு இருந்த ஊர். பிரானூர் பக்கம் இன்றும் ‘பார்டர் பரோட்டா’ சாப்பிடத்தான் வண்டியை நிறுத்துகிறார்கள். எல்லை நகர்ந்து கிட்டத்தட்ட 70 வருஷம் ஆகுது, ‘பார்டர்’ என்ற பெயர் நகரவில்லை. கொல்லம் – செங்கோட்டை அகலப்பாதை வேலை முடிந்து, 2018-ல் பாலருவி எக்ஸ்பிரஸ் நெல்லை வரை வந்தது. இப்போது தூத்துக்குடி வரை ஓடுகிறது.

அப்படியானால் பிரச்னை எங்கே?

பொருள் வந்தால் வரவேற்பு. ஆள் வந்தால் முகம் சுளிப்பு. இங்கேதான் சிக்கல்.

2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் போலி வீடியோக்கள் பரவின. பீகார் அரசு அதிகாரிகள் குழு நேரில் வந்து விசாரித்தது. வீடியோக்கள் பொய் என்று தமிழ்நாடு போலீஸ் விளக்கியது. வீடியோ பொய்தான். ஆனால் அது அவ்வளவு வேகமாக நம்பப்பட்டதற்கு, ‘வடக்கன்’ என்ற சொல் இங்கே புழங்கும் தொனியும் ஒரு காரணம். அதே சொல்லைத் தலைப்பாக வைத்து, புலம்பெயர் தொழிலாளியை வெறுக்கும் உள்ளூர்க்காரரின் கதையை பாஸ்கர் சக்தி படமாக எடுத்தார். தணிக்கையில் எதிர்ப்பு வந்ததால் ‘ரயில்’ என்று பெயர் மாற்றி 2024 ஜூனில் படம் வெளியானது. கூலியைக் குறைத்து வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற உள்ளூர்த் தொழிலாளர்களின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் கூலியை நிர்ணயிப்பது முதலாளி. ரயிலில் வந்து இறங்கிய ஆள் அல்ல.

வெளிமாநிலத்தவரை விடுங்க. பக்கத்துத் தெருக்காரர் சமைத்தால்?

2018-ன் ‘பரியேறும் பெருமாள்’ திருநெல்வேலிக் கதை. அதில் ஹீரோ தோழியின் வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை கிடைத்துத்தான் போகிறான். பந்தியில் உட்கார்வதற்குப் பதிலாக ஒரு அறையில் அடி வாங்கித் திரும்புகிறான். சொதி விருந்தைப் பற்றிப் பெருமையாகப் பேசும்போது, அந்த இலையில் யார் உட்காரலாம் என்று யாரும் கேட்பதில்லை.

சினிமாவுக்கு வெளியே நடந்ததும் இருக்கு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுக்க விரிவானது 2023 ஆகஸ்ட் 25-ல். அடுத்த சில வாரங்களில் எட்டயபுரம் பக்கத்தில் உள்ள உசிலம்பட்டி ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பெரும்பாலான பிள்ளைகள் சாப்பிடாமல் இருந்தார்கள். சமைத்தவர் பட்டியல் சாதிப் பெண் என்பதால் பெற்றோர் தடுத்தார்கள் என்ற செய்தி வெளியே வந்ததும், அமைச்சர் கீதா ஜீவனும் எம்.பி. கனிமொழியும் பள்ளிக்குப் போய், பிள்ளைகளோடு உட்கார்ந்து அவர் சமைத்ததைச் சாப்பிட்டார்கள்.

அந்தத் திட்டத்தின் வாராந்திரப் பட்டியலைப் பார்த்தால் ரவா உப்புமா, சேமியா, கிச்சடி, பொங்கல் என்று போகும். ரவையும் சேமியாவும் கோதுமை. கிச்சடி பெயரிலேயே வடக்கு. அதைப் பற்றி எந்தப் பெற்றோரும் ஆட்சேபம் சொல்லவில்லை. ஆட்சேபம், அதே ஊரில் பிறந்து, அதே தமிழ் பேசி, கரண்டி பிடித்த பெண்ணின் கை மீதுதான்.