தோத்துப்போன ஒகாபேவுக்கு ஒரு சல்யூட்

டிஸ்கி: 'ஸ்டைன்ஸ்;கேட்' இன்னும் பார்க்காதவங்க இப்பவே எஸ்கேப் ஆயிடுங்க. கிளைமாக்ஸை முழுசா உடைக்கப் போறேன் :-)

2011ல வந்த இந்த அனிமே பத்தி ஒரு குறை அடிக்கடி காதுல விழும். "இவ்ளோ அழ வெச்சுட்டு, கடைசியில எல்லாரையும் பிழைக்க வெச்சுட்டான், போங்கு!" நானும் அந்தக் கட்சிதான். 2018ல வந்த 'ஸ்டைன்ஸ்;கேட் 0' பார்த்தப்புறம் கட்சி மாறிட்டேன்.

23வது எபிசோட் ஞாபகம் இருக்கா? குரிசுவைக் காப்பாத்த 2010 ஜூலை 28க்குப் போற ஒகாபே, தவறுதலா தன் கையாலயே அவளைக் குத்திடறான். இடிஞ்சுபோய் திரும்பி வர்றவனுக்கு மயூரி ஒரு அறை விடறா. அப்புறம் 2025ல இருந்து அவனே அனுப்பின வீடியோ. அவ சாக வேணாம், செத்த மாதிரி உன் பழைய கண்ணுக்குத் தெரிஞ்சா போதும்னு வழி சொல்லுது.

முதல் தடவை பார்க்கறப்ப இது ஹீரோவுக்குக் கிடைச்ச ஜோக்கர் சீட்டு மாதிரிதான் இருக்கும். ஆனா அனுப்பினவன் யாரு?

அதைத்தான் '0' சொல்லுது. அந்த அறை விழாத காலக்கோடு அது. ஒகாபே கைவிட்டுடறான். மருந்து மாத்திரை, மனநல டாக்டர், குரிசுவோட நினைவுகளை வெச்சு செஞ்ச ஒரு புரோகிராமோட பேச்சு. பழைய 'பைத்தியக்கார விஞ்ஞானி' சிரிப்பு காணாமப் போயிடுது. நடுவுல கதை கொஞ்சம் இழுவைதான், ஒத்துக்கறேன். ஆனா இப்படி உடைஞ்சவன்தான் எழுந்து நின்னு அந்த வழியைக் கண்டுபிடிக்கறான். அந்த அறை விழணும்னே மயூரியும் சுசுஹாவும் 2011ல இருந்து பின்னாடி போறாங்க.

முக்கியமான விஷயம் இதுதான். முதல் முயற்சியில தோத்தாதான் அந்தப் பதினஞ்சு வருஷ வெறி வரும். வெறி வந்தாதான் வழி கிடைக்கும். அதனாலதான் தோத்ததுக்கு அப்புறமா மட்டும் வீடியோ கண்ணுல படுது. தோல்வியை அழிச்சுட்டு ஜெயிக்கல, தோல்வி மேல ஏறி நின்னு ஜெயிக்கறான்.

இதுல அனுப்பினவனுக்கு என்ன கிடைச்சுது? ஒண்ணுமில்ல. சின்னவன் ஜெயிச்ச நிமிஷமே அவன் வாழ்ந்த காலக்கோடு இல்லாமப் போயிடுது. குரிசு உயிரோட நடக்கறதை அவன் பார்க்கவே இல்ல.

இப்ப 24வது எபிசோட்ல அகிஹபரா தெருவுல ரெண்டு பேரும் சந்திக்கற காட்சி வந்தா, எனக்கு அங்க இல்லாத அந்த மூணாவது ஆள்தான் ஞாபகம் வர்றான். இனாமா கிடைச்ச சுபம் இல்லீங்க அது. விலையை வேற ஒருத்தன் கொடுத்துட்டான், அவ்ளோதான்.

இன்னொரு தடவை பார்த்துட்டு சொல்லுங்க.