தொற்றுக் கணக்கில் மதம் எதற்கு?



2020 ஏப்ரல் 1. தமிழகத்தில் அன்று புதிதாகக் கொரோனா உறுதியானவர்கள் 110 பேர். அனைவரும் டெல்லி மாநாட்டுக்குச் சென்று திரும்பியவர்கள் என்று சுகாதாரத் துறை அறிவித்தது. அன்றிரவே அச்செய்தி மடத்துக்குளத்தில் நம் கைப்பேசிகள் வரை வந்து சேர்ந்தது. டெல்லியைக் கண்ணாலும் காணாத நம் பெரியவர்களிடம், "நீங்களும் போனீர்களா?" என்று கேட்டவர்கள் உண்டு.

சென்று வந்தோரைத் தேடிப் பரிசோதிப்பது அரசின் கடமை. அதற்கு ஒத்துழைப்பது நம் கடமை. கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் நுழைவதையும் அங்கிருந்து வெளியேறுவதையும் தடுத்த நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம். இதில் நமக்கு மறுப்பில்லை.

"உண்மையைத்தானே சொன்னார்கள்?" என்பார்கள். எந்தக் கூட்டத்தைத் தேடித் தேடிப் பரிசோதிக்கிறோமோ, அந்தக் கூட்டத்தில்தான் எண்ணிக்கை கூடும். இவ்விளக்கத்தைச் சேர்த்துச் சொல்லாத எண் பாதி உண்மையே. எந்தச் சமூகத்தின் மீதும் முத்திரை குத்தாதீர்கள் என்று மத்திய சுகாதார அமைச்சகமே ஏப்ரல் 8 அன்று அறிவுறுத்தியது. பத்து நாள் கழித்து அதே அமைச்சகம், நாட்டின் 14,378 தொற்றுகளில் 4,291 தப்லீக் ஜமாஅத்தோடு தொடர்புடையவை என்று கணக்கு வாசித்தது. ஊருக்குச் சொன்ன உபதேசம் தனக்கில்லையா?

அவ்வாண்டு ஆகஸ்டு 21 அன்று மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை ரத்து செய்தது. அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதாகவும் கருத்துரைத்தது. ஏப்ரலில் எண்களைப் பரப்பிய கைப்பேசிகளில் எத்தனை இத்தீர்ப்பைப் பரப்பின?

நம் பக்கத்தையும் மறைக்க வேண்டாம். 2017இல் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாமின்போது, அது பிள்ளைகளுக்குக் கேடு என்ற வாட்ஸ்அப் வதந்தியைச் சரிபாராமல் அனுப்பியவர்களில் நம்மவர்களும் இருந்தனர். செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்கிறது அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம். பட்டப்பெயர் சூட்டி இழிவுபடுத்துவதைத் தடுக்கிறது 11ஆம் வசனம். முன்னது நமக்கான கண்டிப்பு. பின்னதில் அதிகாரிகளுக்கும் பாடம் உண்டு.

அடுத்த கொள்ளைநோய்க் காலத்தில் சுகாதாரத் துறையிடம் நாம் கேட்பது இதுவே: நோய் எப்படிப் பரவுகிறது, எங்கே பரிசோதிப்பது, எப்போது மருத்துவமனைக்கு வருவது என்று எளிய தமிழில் நாள்தோறும் சொல்லுங்கள். வதந்தி கிளம்பிய அன்றே மறுப்பு வெளியிடுங்கள். நோயாளியின் மதத்தை மட்டும் விட்டுவிடுங்கள். முத்திரைக்கு அஞ்சுபவன் பரிசோதனைக்கு வரமாட்டான். அதனால் பரவும் நோய் மதம் பார்க்காது.

அல்லாஹ் நம் அனைவரின் நாவையும் விரலையும் பாதுகாப்பானாக. ஆமீன்.