எல்லை தாண்டும் சான்று

பயங்கரவாத வழக்கில் தண்டனை கிடைப்பதற்குச் சட்டத்தின் கடுமை காரணம் என்று பொதுவெளியில் பேசப்படுகிறது; ஆனால் வழக்கு நடத்தியவர்கள் அறிவார்கள், அந்தத் தண்டனை மேல்முறையீட்டிலும் நிலைப்பதற்குக் காரணம் பொருளைக் கைப்பற்றியதைப் பதிவு செய்யும் மகஜரை எழுதிய உதவி ஆய்வாளரும், கேமராப் பதிவை உரிய சான்றிதழோடு வாங்கி வைத்த தலைமைக் காவலரும், வழக்குத் தொடர அரசு தரும் இசைவாணைக்கான கோப்பை நாள் தவறாமல் அனுப்பிய அலுவலருமே என்பதை. சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம், அதாவது வழக்காடுவோர் ‘உபா’ என்று அழைக்கும் 1967-ஆம் ஆண்டுச் சட்டம், பிணையைக் கடினமாக்குகிறது, புலனாய்வுக் காலத்தை 180 நாள் வரை நீட்டிக்க வழி தருகிறது, தண்டனையை உயர்த்துகிறது. சான்றை உருவாக்கித் தருவதில்லை. இந்த உண்மை மிகத் தெளிவாகப் புலப்படும் நிலப்பகுதி, திருவனந்தபுரம் மாவட்டத்தின் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளும் அவற்றை ஒட்டிய குமரி மாவட்டத்துக் களியக்காவிளையும் சேர்ந்த எல்லை வட்டாரமாகும்.

1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலப் பிரிப்பு நடந்தபோது அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய தென் திருவிதாங்கூர் வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. கோடு வரைபடத்தில் விழுந்ததேயன்றி ஊர்களுக்குள் விழவில்லை. இஞ்சிவிளையிலும் பனச்சமூட்டிலும் ஒரே சந்தையில் இரு மாநிலத்தவரும் வாங்கி விற்கிறார்கள். இரு மொழியும் ஒரே வீட்டில் புழங்குகின்றன. திருமணம், படிப்பு, மருத்துவம் எல்லாவற்றுக்கும் மக்கள் நாள்தோறும் கோட்டைக் கடக்கிறார்கள். குற்றம் செய்தவரும் அப்படியே, பேருந்தில் ஏறிச் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறார். சான்றுக்கு அந்த எளிமை இல்லை. அதைக் கடக்கச் செய்ய ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கையெழுத்தும், ஒரு சாட்சியும், ஒரு நீதித்துறை நடுவரின் உத்தரவும் தேவைப்படுகின்றன.

2020 ஜனவரி 8 இரவு களியக்காவிளை சந்தைச் சாலைச் சோதனைச்சாவடியில் பணியிலிருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சுடப்பட்டும் குத்தப்பட்டும் கொல்லப்பட்டார். ஓய்வு பெறும் வயதை நெருங்கியிருந்த அவருடைய சாவு குமரி மாவட்டக் காவல்துறையை மட்டுமல்லாமல், எல்லைச் சாவடிகளில் இரவுப் பணி பார்க்கும் ஒவ்வொரு காவலரின் குடும்பத்தையும் உலுக்கியது; அந்த இழப்பை வழக்கு எண்ணாகச் சுருக்கிவிடுவது தகாது. அதன்பின் புலனாய்வு சென்ற வழியைப் பாருங்கள். சம்பவம் தமிழ்நாட்டில், நெய்யாற்றின்கரைப் பகுதியின் கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் கேரளத்தில், இருவர் பிடிபட்டது கர்நாடகத்தின் உடுப்பி ரயில் நிலையத்தில், துப்பாக்கி மீட்கப்பட்டது எர்ணாகுளம் பேருந்து நிலையத்தை ஒட்டிய வடிகாலில், கத்தி மீட்கப்பட்டது திருவனந்தபுரம் தம்பானூரில். பிப்ரவரி தொடக்கத்தில் தேசியப் புலனாய்வு முகமை வழக்கை மறுபதிவு செய்து, அவ்வாண்டு ஜூலையில் ஆறு பேர்மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. குற்றப்பத்திரிகை என்பது அரசுத் தரப்பின் கூற்று மட்டுமே. அதில் கண்டவர்களின் குற்றம் பற்றி இவ்வுரை எதுவும் சொல்ல முற்படவில்லை. இங்கே கவனிக்க வேண்டியது மூன்று மாநிலங்களில் சிதறிக் கிடந்த சான்றை ஒரே நீதிமன்றத்தின் மேசையில் கொண்டுவந்து வைக்கும் வேலையின் தன்மை.

அந்த வேலையின் நடுநாயகம் இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தில் அது 23-ஆம் பிரிவின் பகுதியாக நிற்கிறது. காவல் அலுவலரிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. ஆனால் அந்த வாக்குமூலத்தின் விளைவாக ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், கண்டெடுப்போடு நேரடியாகத் தொடர்புடைய பகுதி மட்டும் ஏற்கப்படும். பிரிவி கவுன்சிலின் புலுகூரி கோட்டய்யா தீர்ப்பு இதன் எல்லையை வகுத்தது: கத்தியைக் கூரையில் ஒளித்து வைத்திருக்கிறேன், எடுத்துத் தருகிறேன் என்பது வரை உள்ளே வரும், அதைக் கொண்டுதான் இன்னாரைக் குத்தினேன் என்ற சொற்கள் வெளியே நிற்கும். எல்லை வழக்குகளில் பிழை நேர்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தமிழ்நாட்டு வழக்கப்படி கிராம நிர்வாக அலுவலரைச் சாட்சியாக வைத்து வாக்குமூலம் எழுதப்படுகிறது. மறுநாள் கேரளத்தில் உள்ள பேருந்து நிலையத்துக்குச் சென்று பொருள் எடுக்கும்போது அவ்விடத்துச் சாட்சிகள் இருவர் வேண்டும், அவர்களுக்குத் தெரிந்த மொழியில் மகஜர் வாசிக்கப்பட வேண்டும், உள்ளூர்க் காவல் நிலையத்தின் பதிவேட்டில் வந்துபோன நேரம் ஏறவேண்டும். அவசரத்தில் தமிழில் எழுதிய மகஜரில் மலையாளம் மட்டும் அறிந்த சாட்சியின் கையெழுத்து வாங்கப்பட்டால், ஆண்டுகள் கழித்துக் குறுக்கு விசாரணையில் எழும் முதல் கேள்வி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியுமா என்பதாகத்தான் இருக்கும். சாட்சி பிறழ்வதற்கு அந்த ஒரு கேள்வி போதும்.

எல்லோரும் நடமாடும் வடிகாலிலிருந்து எடுத்த பொருளை யாரும் போட்டிருக்கலாமே என்ற வாதமும் தவறாமல் வரும். ஜீத் சிங் வழக்கில் (1999) உச்ச நீதிமன்றம் இதற்கு வழி காட்டியிருக்கிறது: இடம் பொதுவானதா என்பது முடிவான கேள்வி அல்ல, பொருள் பிறர் கண்ணுக்குப் படாதபடி இருந்ததா என்பதே கேள்வி. ஆகவே மகஜரில் ‘பேருந்து நிலையம் அருகில்’ என்று எழுதி நிறுத்துவது பயனற்றது. மூடி எத்தகையது, எத்தனை அடி ஆழம், நீர் ஓடியதா, எவ்வளவு நேரம் தேடினார்கள் என்ற விவரங்களே வழக்கைத் தாங்கும். இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவு, தேடுதலையும் கைப்பற்றுதலையும் சாட்சிகள் கையெழுத்திடுவது உட்பட ஒலி-ஒளிப் பதிவு செய்து தாமதமின்றி நடுவருக்கு அனுப்பக் கட்டாயப்படுத்துகிறது. நேர்மையான அலுவலருக்கு இதைவிடச் சிறந்த பாதுகாப்பு வேறில்லை.

கேமராப் பதிவுகளைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். சந்தைக் கடையின் பதிவுக் கருவி சில வாரங்களில் பழையதை அழித்துப் புதியதை எழுதிவிடும். கடைக்காரர் வெளிநாடு போய்விடுவார். கருவி பழுதாகித் தூக்கி எறியப்படும். அர்ஜுன் பண்டித்ராவ் கோத்கர் தீர்ப்பு (2020) மின்னணுப் பதிவின் நகலுக்குச் சான்றிதழ் கட்டாயம் என்று உறுதி செய்தது. பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு அந்தச் சான்றிதழைத் தரப்பினர் தரும் பகுதி, வல்லுநர் தரும் பகுதி என இரண்டாக்கி, ஒரு கோப்பு மாற்றப்படவில்லை என்பதைக் காட்டும் எண்கோவையான ‘ஹாஷ்’ மதிப்பையும் கேட்கிறது. பதிவைப் பார்த்துக் குற்றவாளியை அடையாளம் காண்பது புலனாய்வு. சான்றிதழ் வாங்குவது வழக்கு. முதலாவதைச் செய்து இரண்டாவதை மறந்த கோப்புகளை இத்துறையில் உள்ள எவரும் பார்த்திருப்பார்கள்.

எந்த நீதிமன்றம் விசாரிப்பது என்ற கேள்வியும் இவ்வட்டாரத்தில் ஏட்டளவில் நிற்பதில்லை. பாறசாலையைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர் 2022 அக்டோபரில் நஞ்சால் இறந்த வழக்கில், நஞ்சு கொடுக்கப்பட்டது தமிழ்நாட்டு எல்லைக்குள், மரணம் நேர்ந்தது திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில். விசாரணையைத் தமிழ்நாட்டுக்கு மாற்றக் கோரிய மனு உச்ச நீதிமன்றம் வரை சென்று ஏற்கப்படாமல், 2025 ஜனவரியில் நெய்யாற்றின்கரை கூடுதல் அமர்வு நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அது பயங்கரவாத வழக்கன்று. ஆயினும் செயல் ஓரிடம் விளைவு ஓரிடம் என்றால் இரண்டு இடத்து நீதிமன்றமும் விசாரிக்கலாம் என்ற பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 179-ஆம் பிரிவின் விதி, எல்லைக் குற்றம் எதற்கும் பொருந்தும்.

இந்த எல்லைகள் நாடுகளின் எல்லைகளானால் என்ன ஆகும் என்பதற்கு, தண்டனையில் முடிந்த ஒரு வழக்கு இருக்கிறது. தென்காசி வட்டாரத்துக் கடையநல்லூரைப் பூர்வீகமாகக் கொண்டு, இடுக்கி மாவட்டத் தொடுபுழையில் குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்தவர் சுபஹானி ஹாஜா மொய்தீன். அரசுத் தரப்பு வழக்குப்படி, 2015 ஏப்ரலில் உம்ரா பயணம் என்று வீட்டில் சொல்லிவிட்டுச் சென்னையிலிருந்து இஸ்தான்புல் சென்று, அங்கிருந்து எல்லை கடந்து இராக்கில் ஐ.எஸ். அமைப்பில் சேர்ந்து, மோசுலில் ஆயுதப் பயிற்சி பெற்று, மாதம் 100 டாலர் படி வாங்கிக் காவல் பணியிலும் போர்முனையிலும் நின்றார். போரின் கொடுமையைத் தாங்காமல் வெளியேற முயன்றபோது அவ்வமைப்பே அவரைச் சிறையில் அடைத்து வதைத்தது. விடுபட்டு இஸ்தான்புல் வந்து, இந்தியத் தூதரக உதவியோடு அவ்வாண்டு செப்டம்பரில் நாடு திரும்பினார். கடையநல்லூரில் நகைக்கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தவர், இணையவழித் தொடர்பைப் புதுப்பித்துக்கொண்டு வெடிபொருள் திரட்ட முயன்றதாகவும் குற்றம் சாட்டப்பட்டு, 2016 அக்டோபரில் கைதானார். பாரீஸில் 130 பேர் கொல்லப்பட்ட 2015 நவம்பர்த் தாக்குதல் பற்றிக் கேட்டறிய, 2018 டிசம்பரில் பிரெஞ்சுப் புலனாய்வாளர்கள் கேரளச் சிறைக்கே வந்து அவரை விசாரித்தனர். 2020 செப்டம்பர் 25 அன்று கொச்சி தேசியப் புலனாய்வு முகமைச் சிறப்பு நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்து, 28 அன்று ஆயுள் தண்டனையும் 2,10,000 ரூபாய் அபராதமும் விதித்தது.

இத்தீர்ப்பு படிப்பதற்குரியது, ஏனெனில் இதில் இந்திய தண்டனைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு உயிர்பெற்றது. இந்திய அரசோடு நட்புறவு கொண்ட ஆசிய அரசு ஒன்றின்மீது போர் தொடுப்பதைக் குற்றமாக்கும் அந்தப் பிரிவு, ஒன்றரை நூற்றாண்டாக ஏறத்தாழ உறங்கிக் கிடந்தது. வெளிநாட்டுப் போர்முனையில் நின்று திரும்பிய இந்தியருக்கு எதிராக அதன்படி தீர்ப்பு வந்தது இதுவே முதன்முறை என அப்போது பதிவாயிற்று. புதிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 153-ஆம் பிரிவு, ஆசியா என்ற வரம்பை நீக்கி, இந்தியாவோடு அமைதியுறவில் உள்ள எந்த அயல்நாட்டுக்கும் அதை விரித்திருக்கிறது. போர்முனையிலிருந்து நேரடிச் சாட்சி கொண்டுவர முடியாத இத்தகைய வழக்குகளில், பயணச்சீட்டு, குடிவரவு முத்திரை, தூதரகம் வழங்கிய ஆவணம், தொலைபேசியிலும் கணினியிலும் மிஞ்சிய தடயம் ஆகிய எளிய ஆவணங்களின் கோவையே சுமையைத் தாங்க வேண்டும். நாட்டுக்கு வெளியே இந்தியக் குடிமகன் செய்த குற்றத்தை விசாரிக்க மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற விதியையும், சதியின் ஒரு பகுதி இந்தியாவில் நடந்திருந்தால் அது தேவையில்லை என்ற அஜய் அகர்வால் தீர்ப்பையும் (1993) வழக்குரைஞர் முதல் நாளே எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

வாக்குமூலத்தை நம்பிய காலத்தின் விலை தமிழ்நாட்டுக்குத் தெரியும். காவல் கண்காணிப்பாளர் பதிவு செய்யும் ஒப்புதலையே சான்றாக ஏற்ற தடா சட்டத்தின் 15-ஆம் பிரிவின் கீழ் நடந்த ராஜீவ் காந்தி கொலை வழக்கில், 1998 ஜனவரி 28 அன்று பூந்தமல்லி நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது; 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் தடா குற்றங்கள் பொருந்தா என்று சொல்லி 19 பேரை விடுவித்தது. அவ்வழக்கில் தண்டனை பெற்ற பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த ஓய்வுபெற்ற அதிகாரியே, அவர் சொன்னதை முழுமையாக எழுதவில்லை என்று 2013-இல் வெளிப்படையாகக் கூறினார். பேரறிவாளன் 2022 மே 18 அன்று விடுதலையானபோது முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தன. கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களுக்கும் அந்த வழக்கு நிறைவைத் தரவில்லை. உபா சட்டத்தில் காவல்துறை வாக்குமூலத்துக்கு அந்தத் தகுதி தரப்படாதது சரியான முடிவே.

ஒரு எச்சரிக்கை எஞ்சுகிறது. உபா வழக்கில் சான்றுகளை ஆராயும் அதிகார அமைப்பு 7 வேலைநாளுக்குள் பரிந்துரை தரவேண்டும், அரசு அடுத்த 7 வேலைநாளுக்குள் இசைவாணை பற்றி முடிவெடுக்க வேண்டும் என்பது 2008-ஆம் ஆண்டு விதி. 2024 செப்டம்பரில் புலேஷ்வர் கோப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இக்காலவரம்பு இனி கட்டாயம் என்று தீர்ப்பளித்துவிட்டது. மாவட்டக் காவலிடமிருந்து முகமைக்குக் கோப்பு கைமாறும் எல்லை வழக்குகளில் இந்த நாட்கள் எளிதில் கரைந்துவிடும்.

குழித்துறை, நெய்யாற்றின்கரை நீதிமன்றங்களில் பணிபுரியும் அரசு வழக்குரைஞர்களும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களும், களியக்காவிளை, பாறசாலைக் காவல் நிலையங்களின் புலனாய்வு அலுவலர்களும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒன்றாக அமர்ந்து, இருமொழி மகஜர் படிவம், சாட்சி அழைப்பாணை, மின்னணுச் சான்றிதழ் ஆகிய மூன்றுக்கும் பொதுவான நடைமுறை ஒன்றை வகுத்துக்கொள்ள வேண்டும் என்று இவ்விதழ் கேட்டுக்கொள்கிறது. இதற்குப் புதிய சட்டமோ தனி நிதியோ தேவையில்லை. இரு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்களும் இரு வழக்கறிஞர் சங்கங்களும் ஒப்புக்கொண்டால் போதும்.