சேம்பரை உடைத்தது எது?

இந்த வாரம் முழுக்க எனக்குக் கோபம். அக்கா மகன் ஆசைப்பட்டுத் தாழ்த்தி வைத்திருந்த காரின் ஆயில் சேம்பர், எங்கள் பகுதியில் இரவோடு இரவாக முளைத்த ஒரு வேகத்தடையில் இடித்து விரிசல் விட்டுவிட்டது. அந்த வேகத்தடையில் வெள்ளைக்கோடு இல்லை, முன்னால் எச்சரிக்கைப் பலகையும் இல்லை. "கீழே நல்ல கார்டு ஒன்று போட்டுவிட்டால் போதுமா, மாமா?" என்று கேட்கிறான். வண்டியைத் தாழ்த்தும் ஆசை இன்று பல பிள்ளைகளுக்கு இருப்பதால் பதிலை இங்கேயே எழுதுகிறேன்.

இன்ஜினுக்கு அடியில் இருக்கும் சேம்பரில்தான் ஆயில் வந்து தேங்குகிறது. அதன் அடித்தட்டுக்குச் சற்று மேலே, ஆயில் பம்ப் உறிஞ்சுகிற குழாயின் வாயில் ஒரு சல்லடை. சேம்பர் இரும்புத் தகடாக இருந்தால் அடிபட்டதும் உள்ளே ஒடுங்கும். ஒரு சொட்டுகூட ஒழுகாமல் இருக்கலாம். ஆனால் ஒடுங்கிய தகடு சல்லடையின் வாயை நெருங்கிவிட்டால் பம்ப்புக்கு ஆயில் போகாது. ஒழுகவில்லை என்று நிம்மதியாக வீட்டுக்குப் போகிறவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை. வார்ப்பு அலுமினியமாக இருந்தால் ஒடுங்குவதற்குப் பதில் விரிசல் விடும். எதுவானாலும் சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே இன்ஜினை அணையுங்கள். ஒர்க்‌ஷாப் வரைக்கும்தானே என்று ஓட்டினால் கிராங்க் பேரிங் போய், சேம்பரோடு முடியவேண்டிய செலவு இன்ஜினையே பிரிக்கும் செலவாகிவிடும்.

கார்டு, அதாவது சேம்பருக்குக் கீழே ஒரு காப்புத் தகடு, போடுவதானால் அதைச் சேம்பரின் போல்ட்டுகளில் மாட்டக் கூடாது, வண்டியின் சட்டத்தில் மாட்ட வேண்டும். தகட்டுக்கும் சேம்பருக்கும் நடுவே இடைவெளி வேண்டும். இல்லையென்றால் தகடு வாங்கிய அடி அப்படியே மேலே போகும். ஆயில் மாற்ற ஒரு துளையும், சூடு வெளியேற வழியும் இருக்க வேண்டும். இவ்வளவும் செய்தாலும் ஒரு சிக்கல் மிச்சம்: கார்டு தரையை நோக்கி இன்னும் கொஞ்சம் இறங்குகிறது. ஏற்கெனவே இடம் போதாமல் தவிக்கும் வண்டியில் இருக்கிற இடத்தையும் அது தின்கிறது. பந்தயக் கார்களில் ஆயிலைத் தனித் தொட்டிக்கு ஏற்றிவிட்டு, அடியில் தட்டையான பாத்திரம் மட்டும் வைத்துச் சமாளிக்கிறார்கள். தெருவில் ஓடும் காருக்கு அது கட்டுப்படியாகாது. ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். அதை அவனிடமும் சொல்லிவிட்டேன்.

ஆனால் இந்த முறை குற்றவாளி அவன் வண்டி இல்லை. அந்த வேகத்தடையின் உச்சியில் குனிந்து பார்த்தேன். கம்பெனியிலிருந்து வந்தபடியே ஓடும் குடும்பக் கார்கள் உரசிய கோடுகளும் வரிவரியாக இருக்கின்றன. வேகத்தடையோடு எனக்கு ஒரு பழைய வழக்கு உண்டு. இன்று அந்த வழக்கில் ஒரு பெரிய சாட்சியை அழைக்கிறேன்: நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஆர்தர் காம்ப்டன்.

எக்ஸ் கதிர்கள் எலக்ட்ரான்களில் பட்டுச் சிதறும்போது அவற்றின் அலைநீளம் மாறுவதை 1923இல் விளக்கியவர் அவர். அதைப் பற்றி 1924இல் டொரோண்டோவில் நடந்த விவாதத்தில் நம் சி. வி. ராமனும் கலந்துகொண்டார். 1927இல் காம்ப்டனுக்கு நோபல் கிடைத்தபோது, எக்ஸ் கதிரில் நடப்பது சாதாரண ஒளியிலும் நடக்குமா என்று ராமன் கல்கத்தாவில் தேடிக்கொண்டிருந்தார். வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் அவருடன் இருந்தார். 1928 பிப்ரவரி 28இல் அவர்கள் கண்டது ராமன் விளைவு. அப்படிப்பட்ட காம்ப்டன், பின்னாளில் செயின்ட் லூயிஸ் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் வேந்தராக இருந்தபோது, வளாகத்துக்குள் கார்கள் பறப்பதைப் பார்த்து 1953இல் ஒரு வேகத்தடையை வடிவமைத்தார். பள்ளிக்கூட வாசலில் கொட்டப்படும் தார்மேடு ஒரு நோபல் மூளை வேலை செய்த விஷயம் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

அவருக்குப் பிறகு 1970களில் பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடத்தில் வாட்ஸ் என்பவர் பல வடிவங்களின் மேல் வண்டிகளை ஓட்டிப் பார்த்து, வட்டவில் போன்ற அகலமான மேட்டைத் தேர்ந்தெடுத்தார். அதையொட்டியதுதான் இந்திய சாலைக் காங்கிரஸ் 1988இல் வெளியிட்ட அளவு: போகும் திசையில் 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரம். மணிக்கு 25 கிலோமீட்டரில் கடக்க ஏற்றது.

இந்த அளவின் அழகை ஒரு கணக்குப் போட்டால் புரியும். ஸ்விஃப்ட் காரில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 2.45 மீட்டர். முறையான மேட்டின் மேல் நான்கு சக்கரங்களும் சேர்ந்தே ஏறி நிற்க இடம் இருக்கிறது. அப்போது நடுவில் மேடு வண்டியின் வயிற்றை நோக்கி எழும்புவது வெறும் 4.4 சென்டிமீட்டர். பள்ளிக்கூடத்து வட்டக் கணக்கு, நீங்களே போட்டுப் பாருங்கள். வண்டியின் தரை இடைவெளி 163 மில்லிமீட்டர். அதில் 40 தாழ்த்தினாலும், ஆள் ஏறி இன்னும் கொஞ்சம் இறங்கினாலும் சேம்பர் தப்பிவிடும். அதே 10 சென்டிமீட்டர் உயரத்தை ஒரு முழ அகலத்தில் குவித்துவைத்தால் முழு 10 சென்டிமீட்டரும் வண்டிக்கு அடியில் வந்து நிற்கும். முன்சக்கரம் பொத்தென்று இறங்க, ஸ்பிரிங் அமுங்க, சேம்பர் மோதும். எங்கள் தெருவில் இருப்பது 10 சென்டிமீட்டருக்கும் மேல்.

என்னை அதிகம் கொதிக்க வைப்பது வேறொன்று. குறுகிய மேடு வேகத்தைக்கூடக் குறைப்பதில்லை. வேகமாகப் போகிறவனுக்கு அந்த அதிர்ச்சியின் பெரும்பகுதியை டயரும் ஸ்பிரிங்குமே வாங்கிக்கொள்கின்றன. மெதுவாக, மரியாதையாகப் போகிறவர்தான் முதுகெலும்பில் வாங்குகிறார். ஸ்கூட்டரின் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து போகும் பெண்ணும், ஆம்புலன்ஸில் படுத்திருக்கும் நோயாளியும், ஷேர் ஆட்டோவில் போகும் நிறைமாதக் கர்ப்பிணியும் என்ன தப்பு செய்தார்கள்? இருட்டில் கோடில்லாத மேடு தெரியாமல் தூக்கி எறியப்படுகிறவரின் உயிரோடு ஒப்பிட்டால் ஒரு சேம்பர் பெரிய இழப்பே இல்லை.

கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மேட்டுக்கு முன்பே பிரேக் பிடித்து, ஏறும்போது காலை எடுத்துவிடுங்கள். பிரேக்கோடு ஏறினால் மூக்கு இன்னும் தாழும். அடிபட்ட சத்தம் கேட்டால் நிறுத்தி, இறங்கிப் பாருங்கள்.

மற்ற எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். வேகத்தடையையே எடுத்துவிடச் சொல்லாதீர்கள். பள்ளி வாசலுக்கும் மருத்துவமனை வாசலுக்கும் அது கட்டாயம் தேவை. ஒரு டேப்பை எடுத்துப் போய் உங்கள் தெரு மேட்டை அளந்து பாருங்கள். 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், கறுப்பு வெள்ளைப் பட்டை, 40 மீட்டர் முன்னால் எச்சரிக்கைப் பலகை இருக்கிறதா? இல்லையென்றால் அளவுகளைக் குறித்து, படம் எடுத்து, நகராட்சிக்கோ நெடுஞ்சாலைத் துறைக்கோ எழுதுங்கள். பதில் வராவிட்டால், யார் அனுமதியில் எந்த அளவில் போடப்பட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். எங்கள் தெருவுக்கான மனுவை நான் இன்று காலை கொடுத்துவிட்டேன்.